நீல இன்ஹேலர்: வருடக்கணக்கில் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியவை

இளைப்பு வந்தால் முதலில் எடுக்கும் நீல இன்ஹேலரில் பெரும்பாலும் இருப்பது சால்பியூட்டமால். ஒரு பஃப்புக்கு 100 மைக்ரோகிராம், குப்பிக்கு 200 பஃப். மூச்சுக்குழாயை இறுக்கும் தசையைச் சில நிமிடங்களில் தளர்த்திவிடும்; 4 முதல் 6 மணி நேரம் தாங்கும். மருந்தில் குறையில்லை. 'கேட்கவே இல்லை' என்பவர்களில் பலர் அதை உள்ளே இழுக்கும் விதத்தில்தான் தவறுகிறார்கள்.

முதலில் அழுத்திவிட்டுப் பிறகு இழுத்தால் மருந்து தொண்டையில் மோதி அங்கேயே படிந்துவிடும். நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, உதடுகளால் இறுக மூடி, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும். இழுத்து முடித்ததும் 10 விநாடி அடக்க வேண்டும். அடுத்த பஃப் அரை நிமிடம் கழித்து, மறுபடி குலுக்கிய பிறகு. இந்த ஒத்திசைவு வராதவர்கள், பெரியவர்களானாலும், தயங்காமல் ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் குழாய்க் கூடு) வாங்கலாம். அதில் ஒருமுறைக்கு ஒரு பஃப் மட்டுமே. இரண்டு மூன்றைச் சேர்த்து அடித்தால் பாதி சுவரில் ஒட்டிவிடும். கழுவிய ஸ்பேசரைத் துணியால் துடைக்கவும் கூடாது. நிலைமின்சாரம் உண்டாகி மருந்தை இழுத்துக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் அலசி, தானாக உலர விடுங்கள்.

பிளாஸ்டிக் கூட்டையும் வாரம் ஒருமுறை, குப்பியைக் கழற்றிவிட்டு வெந்நீரில் கழுவுங்கள். இல்லாவிட்டால் துளை அடைத்து, பீய்ச்சல் ஒருபக்கமாகச் சாயும்.

தண்ணீரில் மிதக்கவிட்டு மிச்சம் பார்ப்பது நம்பத்தகாத வழி. 200 முடிந்த பிறகும் வாயு சீறும், ஆனால் மருந்தின் அளவு சரியாக இருக்காது. எண்காட்டி உள்ளதை வாங்குவதே நல்லது.

கைநடுக்கமும் படபடப்பும் சகஜம், சிறிது நேரத்தில் அடங்கும். கவலைப்பட வேண்டியது வேறு: ஆஸ்துமாவில் குழாயின் உள்வீக்கத்தை இந்த மருந்து தொடுவதே இல்லை. உடனே சுகம் கிடைப்பதால் அது மறந்துபோகிறது. சால்பியூட்டமாலை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று ஜினா (ஆஸ்துமாவுக்கான உலகளாவிய அமைப்பு) வழிகாட்டுதல் 2019-இலேயே சொல்லிவிட்டது; அந்த வீக்கத்தைக் குறைக்க உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு கட்டாயம் வேண்டும். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் நீல இன்ஹேலர் தேவைப்பட்டாலோ, வருடத்துக்கு மூன்று குப்பி காலியானாலோ, சிகிச்சையை மாற்றச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே ஆம்புலன்சை அழையுங்கள். அது வரும்வரை நோயாளியை நிமிர்ந்து உட்காரவைத்து, ஸ்பேசர் வழியாக அரை நிமிடத்துக்கு ஒன்றாகப் பத்து பஃப் வரை கொடுக்கலாம்.