விருந்தினரின் உணவுத் தேவையைப் போர்ச்சுகீசியத்தில் விசாரிக்க மூன்று வழிகள்

லிஸ்பனிலோ சாவ் பாவ்லோவிலோ ஒருவரை வீட்டுச் சாப்பாட்டுக்கு அழைக்கும்போது, அவருக்கு எது ஆகும், எது ஆகாது என்று விசாரிக்கப் போர்ச்சுகீசியத்தில் மூன்று கேள்விகள் வழக்கத்தில் உள்ளன. மூன்றுமே மரியாதையானவை என்றாலும், அவை பெற்றுத்தரும் பதில்கள் வெவ்வேறானவை.

‘தெய்ங் அல்கூமா ரெஸ்த்ரிசௌங் அலிமென்தார்?’ என்பது உணவில் ஏதேனும் கட்டுப்பாடு உண்டா என்ற கேள்வி. பலருக்கு ஒரே கடிதம் அனுப்பும்போது இதற்கு நிகரில்லை. நோயா, மதமா, கொள்கையா என்று துருவாமல் தேவையை மட்டும் கேட்கிறது. ஆனால் நேரில் கேட்டால் படிவம் நிரப்பச் சொல்வதுபோல் ஒலிக்கும். பன்றி இறைச்சியை மட்டும் தவிர்ப்பவர், தம் பழக்கத்தை ஒரு கட்டுப்பாடாகவே எண்ணாமல், ‘இல்லை’ என்று சொல்லிவிடவும் கூடும்.

வீட்டு விருந்துக்கு நான் பரிந்துரைப்பது இரண்டாவது கேள்வியை: ‘ஆ அல்கூமா கொய்ஸா கெ நௌங் கோமா?’, அதாவது நீங்கள் சாப்பிடாதது ஏதாவது இருக்கிறதா? பிரேசிலில் ‘ஆ’ (இருக்கிறது) என்பதற்குப் பதில் ‘தெய்ங்’ (உண்டு) என்று தொடங்குவது இயல்பு. விரதம், வெறுப்பு, பழக்கம் எல்லாவற்றுக்கும் இதில் இடமுண்டு. இதையே சுருக்கி, ‘கோமெ கார்னெ?’ (இறைச்சி சாப்பிடுவீர்களா?) என்று கேட்பது பெரும் குழப்பத்தில் முடியலாம். அன்றாடப் பேச்சில் ‘கார்னெ’ பெரும்பாலும் மாட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சியையே குறிப்பதால், ‘கார்னெ வேண்டாம்’ என்றவருக்குக் கோழி பரிமாறப்படுவதுண்டு. போர்ச்சுகலின் ‘கால்து வெர்தெ’ கீரை சூப்பில் வழக்கமாக ‘ஷொரிஸு’ என்ற பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும். பிரேசிலின் அன்றாட பீன்ஸ் குழம்பிலும் பல வீடுகளில் பன்றி இறைச்சி சேரும். ஆகவே கோழியை ‘ஃப்ராங்கு’ என்றும் மீனை ‘பெய்ஷெ’ என்றும் பெயர் சொல்லி விசாரிப்பதே பயன் தரும்.

ஒவ்வாமையைப் பற்றிய மூன்றாவது கேள்வி, முதலிரண்டுக்கும் மாற்றல்ல. அவற்றோடு சேர்த்தே கேட்க வேண்டியது, ஏனெனில் இங்கே துளி கலந்தாலும் ஆபத்து. ‘எ அலெர்ஜிகு’ (ஒவ்வாமை உள்ளவரா) என்று தொடங்கினால் ஆணுக்கு ‘அலெர்ஜிகு’, பெண்ணுக்கு ‘அலெர்ஜிகா’ என்று மாற்ற வேண்டும். ‘தெய்ங் அல்கூமா அலெர்ஜியா?’ (ஏதேனும் ஒவ்வாமை உண்டா?) என்பதில் அந்தச் சிக்கல் இல்லை. வெளிப்படையாகக் கேட்கத் தயங்கவும் வேண்டாம். போர்ச்சுகலில் உணவகங்கள் 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றித் தகவல் தர வேண்டுமென்ற ஐரோப்பிய விதி 2014 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. பிரேசிலில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆலையில் தயாரான உணவுப் பொட்டலங்களில் குளூட்டன் (கோதுமை போன்ற தானியங்களில் உள்ள புரதம்) உண்டா இல்லையா என்று அச்சிட்டாக வேண்டும்.

விளிக்கும் முறையில் இரு நாடுகளும் பிரிகின்றன. பிரேசிலில் ‘வொஸே’ (நீங்கள்) பொதுவாகப் போதும். மூத்தவர்களிடம் ‘உ ஸென்யோர்’ (ஐயா), ‘அ ஸென்யோரா’ (அம்மா) தகும். போர்ச்சுகலில் ‘வொஸே’ சிலர் காதுக்கு உறுத்தும் என்பதால் அதை விட்டுவிடுவார்கள். ‘நீங்கள்’ இல்லாமலே ‘சாப்பிடுவீர்களா’ மரியாதையைத் தாங்குவதுபோல், ‘தெய்ங்’ என்ற வினையே அங்கே அதைத் தாங்கும். இன்னும் பணிவு வேண்டுமென்றால் ‘கெரியா பெர்குன்தார் ஸெ’ (கேட்கலாமென்று நினைத்தேன்) என்று தொடங்கலாம். அதற்கு மேல் மன்னிப்பையும் சேர்த்தால், தம்மால் தொல்லை என்று விருந்தினர் கருதி, உள்ள ஒவ்வாமையையும் சொல்லாமல் விட்டுவிடக்கூடும்.