'பேட்டர்ன்ஸ் ஆஃப் ஃபேஷன் 3': வெட்டுவதற்கு முன் ஒரு மதிப்பீடு

உடை வரலாற்று ஆய்வாளர் ஜேனட் ஆர்னால்டின் இந்த நூல் (1985) 1560–1620 கால ஐரோப்பிய உடைகளுக்கானது. எஞ்சியிருக்கும் அசல் உடைகளை அளந்து வரைந்த வெட்டுப் படங்கள் என்பதே இதன் பெரிய பலம். ஒட்டுத்துணி எங்கே சேர்த்தார்கள், விறைப்புக்காக உள்ளே எந்தக் கேன்வாஸ் துணி வைத்தார்கள் என்பது வரை தெரிகிறது.

படங்கள் அசல் உடையின் 1/8 அளவில், கட்டங்களின் மேல் உள்ளன. நகலெடுத்துப் பெரிதாக்காதீர்கள், கோடும் எட்டு மடங்கு தடிக்கும். 0.5 மி.மீ. பிசகினால் துணியில் 4 மி.மீ. ஆகும். ஆறு தையல், பன்னிரண்டு விளிம்பு என்றால் மார்புச் சுற்றில் கிட்டத்தட்ட 5 செ.மீ. போய்விடும்! ஓர் அங்குலக் கட்டத்தாளில் கட்டம் கட்டமாகக் கையால் வரைவதே சரி. தையலுக்கான துணியை நீங்களே சேர்க்க வேண்டும்; 1.5 செ.மீ. போதும்.

ஒவ்வொரு படமும் யாரோ ஒருவரின் உடலுக்கு வெட்டியது. அதனால் முதலில் காடாத் துணியில் தைத்துப் பாருங்கள். முதுகு நீளத்தைத் திருத்திய பிறகே அக்குள் வளைவைத் திருத்துங்கள். அக்குள் வளைவு இன்றைய சட்டையைவிட மேலே, இறுக்கமாக இருக்கும். அதைத் தாழ்த்தினால் கையைத் தூக்கும்போது உடுப்பு முழுதும் மேலேறும்.

தையல் படிகள் குறைவு. புதிதாகத் தைப்பவருக்கு இது முதல் நூலல்ல.