முதல் எலக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறீர்களா? ‘அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள்

பல ஆண்டுகள் அக்கூஸ்டிக் கிட்டார் வாசித்துவிட்டு இப்போது முதன்முறையாக எலக்ட்ரிக் வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாகக் கற்கத் தொடங்குபவரைவிட உங்களை ஏமாற்றுவது எளிது. புதியவர் விவரம் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கடைக்குப் போவார். வாசிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் தனியாகப் போகிறார்கள். அவர்களுடைய விரலுக்கும் காதுக்கும் பழக்கம் உண்டு. ஆனால் எலக்ட்ரிக்கில் எது இயல்பு, எது கோளாறு என்பது அவர்களுக்கு இன்னும் பிடிபட்டிருக்காது. அது கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். எனக்கு ஏற்கெனவே வாசித்துத் தேய்ந்த கிட்டார் ஒன்றைப் புதியது என்று சொல்லி விற்றது இதை வைத்துத்தான்.

நான் வாங்கியது 1954இல் வந்த, ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலக்ட்ரிக் கிட்டாரின் வடிவத்தைப் பின்பற்றிச் செய்யப்பட்ட கிட்டார். கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும், ஒற்றைச் சுருள் கொண்ட மூன்று சிங்கிள் காயில் பிக்கப்புகள், திருகுகளால் உடலோடு பொருத்தப்பட்ட நெக் (விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்து), உடலில் கம்பிகளைத் தாங்கும், பின்புறம் ஸ்பிரிங் வைத்த பிரிட்ஜ். விற்பனையாளர் அதைப் பெரிய வால்வ் ஆம்ப் (ஒலிபெருக்கி) ஒன்றில் செருகினார். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனையும் எக்கோவையும் தாராளமாக ஏற்றினார். முதலில் அவரே வாசித்துக் காட்டினார். பிறகு என் கையில் கொடுத்தார். கம்பிகள் அவ்வளவு மென்மையாக இருந்தன. அக்கூஸ்டிக்கில் முக்கி முக்கிப் பிடித்த பார் கார்டுகள் (ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிப்பவை) தொட்டாலே விழுந்தன. “செட்டப் எல்லாம் முடித்துவிட்டோம் சார், எடுத்துக்கொண்டு போய் வாசிக்க வேண்டியதுதான்” என்றார். செட்டப் என்றால் நெக்கின் வளைவு, கம்பியின் உயரம், சுருதி ஆகியவற்றைச் சரிசெய்வது.

அந்த மென்மையும் அந்தப் பெரிய ஒலியும் திட்டமிட்டு எனக்குக் காட்டப்பட்டவை என்று இப்போது உறுதியாகச் சொல்கிறேன். டிஸ்டார்ஷன் ஏறினால், நெக்கின் குறுக்கே பதித்த ஃப்ரெட் என்ற உலோகப் பட்டையில் கம்பி உரசும் சத்தம் அதற்குள் புதைந்துவிடும். எக்கோ இருந்தால் ஒரு ஸ்வரம் பாதியில் அறுந்து போவது காதில் விழாது. ஆகவே கடையில் முதல் வேலையாக, எதிலும் செருகாமல் வாசியுங்கள். திட மரத்தால் ஆன கிட்டார் என்றாலும் அமைதியான மூலையில் காதை அதன் உடலருகே வைத்தால் எல்லாம் கேட்கும். ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அழுத்திப் பாருங்கள். பிறகு ஆம்பில் டிஸ்டார்ஷன் இல்லாத சுத்தமான ஒலியில் வாசியுங்கள். நீங்கள் எந்த ஆம்பை வாங்கப்போகிறீர்களோ அதில்தான் கேட்க வேண்டும். எலக்ட்ரிக்கில் ஒலியின் பாதிக்கு ஆம்ப்தான் பொறுப்பு. என்னிடம் பெரிய வால்வ் ஆம்பில் காட்டிவிட்டு, பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தது மிகச் சிறிய பயிற்சி ஆம்ப்.

வீட்டில் அந்தச் சிறிய ஆம்பில் சுத்தமான ஒலியில் வாசித்தபோது உண்மை வெளிப்பட்டது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலே கம்பிகள் கிர்ரென்று உரசின. முதல் கம்பியை அங்கே வளைத்தால் ஒலி அப்படியே அடைத்து நின்றது. கீழே பிடித்த ஈ மேஜர் சுருதியோடு இருந்தது. அதே கையை ஏழாம் ஃப்ரெட்டுக்கு நகர்த்திப் பார் கார்டாகப் பிடித்தால் அபஸ்வரம். இவற்றோடு ஓயாத ரீங்காரம் வேறு.

கடைக்குத் திரும்பப் போனேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் கிடைத்தது: “எலக்ட்ரிக் என்றால் அப்படித்தான் இருக்கும் சார். இத்தனை வருடம் அக்கூஸ்டிக் வாசித்த கை. போகப் போகப் பழகிவிடும்.”

இந்தப் பதில் முழுப் பொய்யாக இருந்திருந்தால் அங்கேயே பிடித்திருக்கலாம். பாதி உண்மை அதில் கலந்திருக்கிறது என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ரீங்காரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கிள் காயில் பிக்கப் ரீங்கரிக்கும் என்பது உண்மை. காந்தத்தைச் சுற்றிய கம்பிச்சுருள், அறையில் இருக்கும் மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் அலையையும் பிடித்துக்கொள்கிறது. அதை ஒழிக்கத்தான் கிப்சன் நிறுவனத்தில் இருந்த செத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து ஹம்பக்கர் பிக்கப்பை உருவாக்கி, 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இதைச் சொல்லி என்னைத் திருப்பி அனுப்பினார்கள். ஆனால் நல்ல நிலையில் இருக்கும் சிங்கிள் காயில் கிட்டாரில், கம்பிகள் மீது கை வைத்தவுடன் ரீங்காரம் குறைய வேண்டும். கம்பிகள் பிரிட்ஜ் வழியாகக் கிரவுண்டோடு இணைக்கப்பட்டிருப்பதே காரணம். என் கிட்டாரில் கம்பியைத் தொட்டால் எந்த மாற்றமும் இல்லை. கேபிள் செருகும் இடத்தில் உள்ள உலோகத்தைத் தொட்டால் மட்டும் குறைந்தது. அதாவது பிரிட்ஜுக்குப் போகும் கிரவுண்ட் ஒயர் அறுந்திருந்தது. இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. கடையில் நின்றபடியே செய்யலாம்.

சுருதி விஷயத்திலும் இதே கதைதான். “உங்கள் விரல் அழுத்தம் அதிகம்” என்றார்கள். அதிலும் பாதி உண்மை உண்டு. அக்கூஸ்டிக்கில் மூன்றாம் கம்பி பெரும்பாலும் உலோகம் சுற்றிய கம்பி. எலக்ட்ரிக்கில் வெறும் எஃகுக் கம்பி, மெல்லியது. பழைய பலத்தோடு அழுத்தினால் ஸ்வரம் மேலே ஏறிவிடும். ஆனால் அழுத்தத்தைக் குறைத்துப் பிடித்த பிறகும் பேதம் மாறவில்லை என்றால் தவறு கிட்டாரில்தான் இருக்கிறது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டி ஹார்மோனிக் எழுப்புங்கள். பிறகு அதே ஃப்ரெட்டை லேசாக அழுத்தி வாசியுங்கள். இரண்டும் ஒரே ஸ்வரமாக டியூனரில் காட்ட வேண்டும். அக்கூஸ்டிக்கில் கம்பி உட்காரும் சேடில் ஒரே எலும்புத் துண்டு. இந்தப் பேதத்தை அதில் எளிதாகத் திருத்த முடியாது. அதனால் சிறு பேதங்களைப் பொறுத்துக்கொள்ள நாம் பழகியிருப்போம். என்னுடையது போன்ற எலக்ட்ரிக்கில் ஒவ்வொரு கம்பிக்கும் தனிச் சேடில், தனித் திருகு. ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தால் முடிகிற வேலை அது. அதைக்கூடச் செய்யாமல் ‘செட்டப் முடித்துவிட்டோம்’ என்று சொன்னது அப்பட்டமான பொய்.

நெக்கில் செய்திருந்த மோசடி இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. அதைக் கண்டுபிடித்தது நானல்ல, கிட்டார் பழுது பார்க்கும் ஒருவர். வாங்கிய கிட்டாரில் இருந்தவை 0.008 அங்குலத்தில் தொடங்கும் மிக மெல்லிய கம்பிகள். வழக்கமாக எலக்ட்ரிக்கில் போடுவது 0.009 அல்லது 0.010 செட், அக்கூஸ்டிக்கில் பலர் வாசிப்பது 0.012. என் கைக்குச் சற்றுக் கனம் வேண்டும் என்று 0.010 செட் போட்டேன். அந்தக் கம்பிகளையும் வேறு இடத்தில்தான் வாங்க வேண்டியிருந்தது. கடையில் எனக்கு எடுத்துக் கொடுத்தது அக்கூஸ்டிக்குக்கான பாஸ்பர் பிரான்ஸ் கம்பி. காந்தப் பிக்கப் எஃகைத்தான் உணரும், வெண்கலச் சுற்றை அல்ல. விற்கிறவருக்கு இதுகூடத் தெரியாதா, அக்கறையில்லையா என்று இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

புதுக் கம்பிகளின் இழுப்புக்கு நெக் வில்லாக வளைந்தது. கொஞ்சம் வளைவு இருக்கத்தான் வேண்டும். முதல் ஃப்ரெட்டையும் நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டையும் ஒரே கம்பியில் அழுத்திப் பிடித்தால், ஏழாம் அல்லது எட்டாம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே சுமார் கால் மில்லிமீட்டர் இடைவெளி தெரியலாம். என்னுடையதில் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் இருந்தது. இதைச் சரிசெய்யத்தான் நெக்கின் உள்ளே ட்ரஸ் ராட் என்ற எஃகுத் தண்டு இருக்கிறது. அதன் நட்டை முறுக்கினால் நெக் நிமிரும். பழுது பார்ப்பவர் சாவியை வைத்துப் பார்த்தார். நட் ஏற்கெனவே கடைசிவரை முறுக்கப்பட்டிருந்தது. சாவி நுழையும் ஓட்டையின் விளிம்புகள் மழுங்கியிருந்தன. இனி அதில் ஒரு சுற்றுகூட மிச்சமில்லை.

அதன் பிறகு அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். நெக்கைப் பிடித்திருக்கும் நான்கு திருகுகளின் தலைகளும் சிதைந்திருந்தன. கழற்றிப் பார்த்தால், நெக் உட்காரும் பள்ளத்தில் அட்டைத் துண்டு ஒன்றை வெட்டிச் சொருகிச் சாய்வை மாற்றியிருந்தார்கள். முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் முதல் இரண்டு கம்பிகள் போகும் இடம் தட்டையாகத் தேய்ந்திருந்தது; தேய்மானம் தெரியாமலிருக்க மேலே பாலிஷ் போட்டிருந்தார்கள். யாரோ நெடுநாள் வாசித்த கிட்டார் அது. நெக் வளைந்துவிட்டது, ட்ரஸ் ராட் முடிந்துவிட்டது. ஆகவே இழுப்புக் குறைந்த மெல்லிய கம்பிகளைப் போட்டு வளைவைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள். வளைவால் கம்பிகள் உயர்ந்து நிற்பது தெரியாமலிருக்கச் சேடில்களை அடிவரை இறக்கியிருக்கிறார்கள். அதனால் மேல் ஃப்ரெட்டுகளில் எழுந்த உரசலை டிஸ்டார்ஷனில் மறைத்திருக்கிறார்கள். ஒன்றை மறைக்க இன்னொன்று என்று பொறுமையாக யோசித்துச் செய்த வேலை இது. கவனக்குறைவில் நடந்ததென்று யாரும் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம்.

அவர் தான் பார்த்ததை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். கடையில் அந்தத் தாளை வாங்கிப் படிக்கக்கூட மறுத்துவிட்டார்கள். கனமான கம்பி போட்டு நெக்கை நானே கெடுத்துவிட்டேன் என்றார்கள். 0.010 செட் உலகெங்கும் சாதாரணமாகப் போடுவது, கிப்சன் கிட்டார்கள் தொழிற்சாலையிலிருந்தே அந்தக் கனத்தோடு வருகின்றன என்று சொன்னேன்; காதில் வாங்கவில்லை. ட்ரஸ் ராடைத் திருகியதும் நான்தான் என்றார்கள். மரம் இயற்கைப் பொருள், அதற்கு உத்தரவாதம் கிடையாது என்றார்கள். கடைசியில், இதைவிட விலை கூடிய கிட்டாருக்கு மேற்கொண்டு பணம் கட்டி மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை. மறுத்துவிட்டேன். பில்லில் ‘எலக்ட்ரிக் கிட்டார் – 1’ என்று மட்டும்தான் இருந்தது; வரிசை எண் இல்லை, ‘புதியது’ என்ற சொல் இல்லை. பணம் திரும்பக் கிடைக்கவில்லை.

கிட்டாரின் உடலும் பிக்கப்புகளும் நன்றாகவே இருந்தன. ஃபெண்டர் நிறுவனத்தைத் தொடங்கிய லியோ ஃபெண்டர் 1950களின் தொடக்கத்தில் நெக்கைத் திருகுகளால் பொருத்தும் முறையைப் பரவலாக்கியதால் இன்று நெக்கை மட்டும் தனியாக மாற்ற முடிகிறது. அதே 25.5 அங்குல ஸ்கேல் (அதிரும் கம்பியின் நீளம்) கொண்ட வேறு நெக் ஒன்றைப் பொருத்தி, கிரவுண்ட் ஒயரையும் பற்றவைத்த பிறகு அது ஒழுங்காக வாசிக்கக்கூடிய கிட்டாராகிவிட்டது. ஒட்டப்பட்ட நெக் கொண்ட கிட்டாராக இருந்தால் இந்த வழியும் எளிதல்ல. அவற்றில் தலைப்பகுதி நெக்கோடு சேரும் இடத்தில் மெல்லிய விரிசல் கோடோ வண்ணப் பூச்சில் வேறுபாடோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பின்னோக்கிச் சாய்ந்த தலை உள்ள கிட்டார்கள் கீழே விழுந்தால் உடைவது அங்கேதான்.

வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் ஒரு காரியம் கேளுங்கள்: ட்ரஸ் ராடை உங்கள் கண்முன்னே கால் சுற்று தளர்த்தி, மறுபடி முறுக்கிக் காட்டச் சொல்லுங்கள். நல்ல நெக் அதற்கு மெல்ல அசைந்து கொடுக்கும். நேர்மையான கடை தயங்காது. எந்தக் கனத்துக் கம்பி போட்டிருக்கிறது என்று கேளுங்கள்; நீங்கள் வாசிக்க விரும்பும் கனம் வேறு என்றால், அதைப் போட்டு, அதற்கேற்பச் செட்டப் செய்து தரச் சொல்லி, அதன் பிறகு வாசித்துப் பார்த்துப் பணம் கொடுங்கள். பில்லில் வரிசை எண், புதியது என்ற சொல், செட்டப் செய்யப்பட்டது என்ற குறிப்பு மூன்றும் எழுத்தில் இருக்கட்டும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டு ஏதோ சரியில்லை என்று உறுத்துகிறவர்கள் கம்பியை மாற்றாதீர்கள், எந்தத் திருகையும் தொடாதீர்கள். நெக் திருகுகளின் தலை, ட்ரஸ் ராட் நட், முதல் சில ஃப்ரெட்டுகள் ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில் நெருக்கமாகப் படம் எடுங்கள். கம்பி உரசும் சத்தத்தையும், கம்பியைத் தொட்டும் குறையாத ரீங்காரத்தையும் பதிவு செய்யுங்கள். கிட்டாரை விற்ற கடையோடு தொடர்பில்லாத ஒருவரிடம் காட்டி எழுத்தில் வாங்குங்கள். இதையெல்லாம் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்துவிட்டு, அதன் பிறகு கடைக்குப் போங்கள்.