பீங்கானில் டீகால்: டெல்டா ஈரத்தில் சில வருட அனுபவம்

அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போகிறவர்கள் பலர் இப்போது தாம்பூலப் பையில் தேங்காயோடு ஒரு பீங்கான் மக்கும் வைக்கிறார்கள். தம்பதியின் பெயர், தேதி, அபிராமி படம். கும்பகோணத்தில் என் சின்னப் பட்டறைக்கு வரும் ஆர்டர் பெரும்பாலும் இந்த வகைதான். யார் வந்தாலும் முதல் கேள்வி, "தேய்ச்சா போயிடாதே தம்பி?" என்பதுதான். ஒழுங்காகச் சுட்டது போகாது. ஆனால் டீகால், அதாவது தண்ணீரில் ஊறவைத்து மக்கில் ஒட்டிச் சூளையில் சுடும் அச்சுப் படம், நிற்குமா நிற்காதா என்பது பாதிக்கு மேல் சூளைக்குள் போவதற்கு முன்பே, தண்ணீர்த் தட்டில் முடிவாகிவிடுகிறது என்பது இத்தனை வருடத்தில் எனக்குத் தெளிவாகியிருக்கிறது.

போட்டோ ஸ்டூடியோக்களில் கால் மணி நேரத்தில் போட்டுத் தரும் மக்கோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சப்ளிமேஷன். பாலிமர் பூசிய மக்கில் 180 முதல் 200 டிகிரி சூட்டில் சாயத்தை ஏற்றுகிறார்கள். கம்பி நார் பட்டால் கீறும், வெயிலில் வெளுக்கும். டீகாலில் இருப்பது உலோக ஆக்சைடு நிறமும் கண்ணாடிப் பொடியும் கலந்த மை. பசைக் காகிதத்தில் ஸ்கிரீன் பிரிண்ட் அடித்து, மேலே கவர்கோட் என்ற லேக்கர் படலம் போட்டிருப்பார்கள். சூளையில் லேக்கர் எரிந்து போகும். கண்ணாடிப் பொடி உருகி நிறத்தை, கிளேஸ் என்கிற பீங்கானின் பளபளப்புப் பூச்சோடு பிணைத்துவிடும். விலை கூடுதல், நேரமும் கூடுதல். அவசரத்துக்கு ஆகாது.

ஒட்டும் வேலையைச் சொல்கிறேன். மக்கை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்த பிறகு ஒட்டும் இடத்தில் கை படக்கூடாது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துவிட்டு வேலைக்கு வருகிறவர்கள் இருக்கிற ஊர் இது, ஒரு விரல் ரேகை போதும், அந்த இடத்தில் படம் தூக்கிக்கொள்ளும். டீகாலை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் போட்டால் படலம் காகிதத்தை விட்டு நழுவும். நழுவியதும் மக்கில் வைத்து, ரப்பர் துண்டால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அழுத்தித் தள்ள வேண்டும். அடியில் தங்கும் தண்ணீர், காற்று, பசை மூன்றும் எதிரிகள். காற்றுக் குமிழ் சூளையில் வெடித்து ஊசித்துளை ஆகும். பசை தங்கினால் படத்தைச் சுற்றிப் புகை படிந்தாற்போல மங்கல் விழும். ஒட்டி முடித்ததும் மக்கை டியூப் லைட்டுக்குச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத குமிழ் சாய்வில் பளிச்சென்று தெரியும். ஊசியால் குத்தி மறுபடி அழுத்தினால் சரியாகிவிடும். பெயர் எழுத்தில் இதைக் கவனிக்காமல் விட முடியாது. 'ழ'வின் வால் நடுவே ஒரு துளை விழுந்தால் வீட்டுக்காரர் கண் முதலில் அங்கேதான் போகும்.

தண்ணீரும் முக்கியம். கடலோரப் பக்கம் போர் தண்ணீர் உப்பு. காய்ந்த பிறகு படலத்துக்கு அடியில் வெள்ளை பூக்கும், சுட்டாலும் போகாது. நான் ஆர்.ஓ. தண்ணீர்தான் வைக்கிறேன், அதையும் பசை கலங்கக் கலங்க மாற்றிவிடுகிறேன்.

அப்புறம் மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் டீகால் தாள்கள் சுருண்டுகொள்ளும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடிய டப்பாவில் படுக்கை வாக்கில் வைத்தால்தான் தப்பும். மற்ற நாட்களில் ஒட்டியதை ஒரு நாள் காயவிட்டால் போதும், அடைமழையில் இரண்டு நாள் விடுகிறேன். ஈரத்தோடு சூளை ஏற்றினால் ஆவி படலத்தைக் கிளப்பிவிடும்.

சூடு ஏற்றுவதில் அவசரம் காட்டக்கூடாத கட்டம் 500 டிகிரி வரை. மணிக்கு 100 முதல் 150 டிகிரி போதும். மூடியை ஒரு அங்குலம் தூக்கி வைத்து, எட்டிப் பார்க்கும் துளையையும் திறந்து விடுகிறேன். லேக்கர் எரியும் நாற்றம் மூக்கைப் பிடுங்கும், அது வெளியேறத்தான் வேண்டும். புகை உள்ளே சிக்கினால் நிறம் மங்கும். வேகமாக ஏற்றினால் லேக்கர் கொதித்துப் படம் துண்டு துண்டாகக் கிழியும். 500 தாண்டியதும் மூடிவிடலாம். ஸ்டோன்வேர், போர்சலைன் போன்ற கெட்டி வகை மக் என்றால் 800 டிகிரி வரை போய்ப் பத்து நிமிடம் நிறுத்துகிறேன். மண் நிறத்து எர்த்தன்வேருக்கு 750 பக்கம் போதும். குறைந்தால் படம் சொரசொரப்பாக, நகத்தால் சுரண்டினால் வருகிற மாதிரி இருக்கும். அதையே மறுபடி சுடலாம், பெரும்பாலும் தேறிவிடும். பெரிய தட்டு என்றால் 573 டிகிரியை மெதுவாகக் கடக்க வேண்டும். அங்கே களிமண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் சட்டென்று அளவு மாறும், தட்டு 'டப்' என்று விரிசல் விடும்.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் தெரு என்றால் இரவில் சுடுங்கள். 230 வோல்ட் பத்து சதவீதம் இறங்கினால் சூளையைச் சூடேற்றும் கம்பிச் சுருளின் (காயில்) சக்தி கிட்டத்தட்ட 19 சதவீதம் குறைகிறது. கண்ட்ரோலர் 800 கேட்டுக்கொண்டே இருக்கும், சூளை 740-லேயே திணறும்.

நிறங்களில் கறுப்பும் நீலமும் நம்பகமானவை. என் வீட்டில் தினமும் காபி குடிக்கும் கறுப்பு எழுத்து மக் இன்னும் அப்படியே நிற்கிறது. சிவப்புதான் தொல்லை. குங்குமச் சிவப்பு தருவது காட்மியம், செலினியம் சேர்ந்த நிறமி. காற்றோட்டம் குறைந்தாலோ சூடு கூடினாலோ பழுப்பாகும், சில சமயம் இருந்த இடமே தெரியாமல் போகும். அபிராமிக்கு மரப்பட்டை நிறத்தில் பொட்டு வைத்து யாரிடமும் கொடுக்க முடியாது. அதனால் சிவப்பு உள்ள மக்குகளைத் தனியாக, சூளையில் சூடு குறைவாக இருக்கும் அடுக்கில் வைக்கிறேன்.

இந்த வகை டீகாலைச் சோறு போடும் தட்டின் உட்புறத்தில் ஒட்டித் தர மறுக்கிறேன். கிளேஸுக்கு மேலேதான் நிறம் இருக்கிறது. புளியும் எலுமிச்சையும் நாள்பட அரிக்கும். ஈயம் இல்லாத மை என்று விற்பவர் சொன்னாலும் மக்கின் விளிம்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் விட்டே ஒட்டுகிறேன். ஆய்வுக்கூடத்தில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் ஊற்றி வைத்து ஈயமும் காட்மியமும் எவ்வளவு கசிகிறது என்று பார்க்கிறார்கள். வீட்டில் எலுமிச்சைத் துண்டை இரவு முழுதும் படத்தின் மேல் வைத்தால் பளபளப்பு மங்குகிறதா என்பது தெரியும். நஞ்சு அளவு அதில் தெரியாது.

தங்கக் கோடு கேட்டால் அழகுக்குச் செய்து தருகிறேன். ஆனால் பாத்திரம் தேய்க்கும் பவுடருக்கு அது சில மாதம்கூடத் தாங்குவதில்லை. மைக்ரோவேவில் வைத்தால் பொறி பறக்கும் என்று பெட்டியிலேயே ஒரு சீட்டு ஒட்டி அனுப்புகிறேன்.