ஆட்டமுறையா, ஆள் சேர்ப்பா? கல்லூரிக் கூடைப்பந்தின் இரண்டு பாதைகள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் அணி கட்ட இரண்டு வழி உண்டு. ஒரே ஆட்டமுறையை வருஷக்கணக்கில் சொல்லிக்கொடுத்து, அதற்குப் பொருந்துகிற பையன்களை மட்டும் எடுப்பது ஒன்று. நாட்டின் தலைசிறந்த பள்ளி வீரர்களை அள்ளி வந்து, அவர்கள் திறமைக்கேற்ப ஆட்டத்தை அமைப்பது இன்னொன்று. முதல் வழிக்கு டோனி பென்னட்டின் வர்ஜீனியா, இரண்டாவதற்கு ஜான் கலிபாரியின் கென்டக்கி. இருவரும் 2009இல் அந்தப் பல்கலைக்கழகங்களில் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார்கள், 2024இல் விலகினார்கள். இருவருக்கும் அங்கே கிடைத்தது தலா ஒரு தேசியப் பட்டம். ஒப்பிட இதைவிடப் பொருத்தமான ஜோடி இல்லை.

எந்த வழியில் போனாலும் பயிற்சியாளர் கையில் இருக்கும் நேரம் ஒன்றுதான். கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் விதிப்படி சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம், ஒரு நாளைக்கு 4 மணி நேரம், வாரம் ஒரு நாள் கட்டாய ஓய்வு. சீசனின் முதல் ஆட்டத்துக்கு முந்தைய 42 நாளில் 30 பயிற்சிகள். இந்த முப்பது பயிற்சிக்குள் ஒரு பதினெட்டு வயதுப் பையனுக்கு எவ்வளவு ஏறும் என்பதில்தான் மொத்த விவாதமும் அடங்கியிருக்கிறது.

வர்ஜீனியாவின் 'பேக்-லைன்' தடுப்பாட்டத்தை எடுத்துக்கொள்வோம். டோனியின் அப்பா டிக் பென்னட் உருவாக்கியது. வளையத்திலிருந்து 16 அடி தூரத்தில் ஒரு கோடு இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். பந்து வைத்திருப்பவனை மறிப்பவன் மட்டும் கோட்டுக்கு வெளியே போய் நெருக்குவான். மற்ற நால்வரும் உள்ளேயே நிற்பார்கள். பாஸைத் தடுக்கப் போவதில்லை. வளையத்தை நோக்கி டிரிபிள் செய்து (பந்தைத் தரையில் தட்டியபடி) நுழைய இடம் தருவதில்லை. பந்து காற்றில் இருக்கும்போதே ஐந்து பேரும் இடம் மாறியாக வேண்டும், அது கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அல்ல. தன் ஆளுக்குப் பந்து வந்தால் முதலில் வேகமாக ஓடி, கடைசி சில அடிகளைச் சின்னச் சின்ன எட்டுகளாக வைத்து, கையை உயர்த்தியபடி நிற்க வேண்டும். கூடைக்கு அருகே நிற்கும் உயரமான ஆளுக்குப் பந்து போனால், அடுத்த பக்கத்து உயரமான தடுப்பாளர் வந்து இரட்டையாக மறிப்பார். தங்கள் அணி ஷாட் எடுத்ததும் ரீபவுண்டுக்கு (கூடையில் விழாமல் திரும்பும் பந்துக்கு) முண்டியடிக்காமல் பெரும்பாலோர் தடுப்புக்குத் திரும்பிவிடுவார்கள்.

படித்தால் எளிது. புதிதாக வருகிறவனுக்கு இரண்டு இடத்தில் சறுக்கும். பள்ளியில் பழகியபடி தன் ஆளை ஒட்டியே நிற்பான், அதனால் உதவிக்கு அரை நொடி தாமதமாக வருவான். அல்லது வெளியே பாய்ந்து வரும்போது நிற்க முடியாமல் ஷாட் போலப் பாவனை காட்டியதற்கே குதித்துவிடுவான். அவனைத் தாண்டி எதிராளி உள்ளே புகுந்ததும் இன்னொருவன் உதவிக்கு வர, மூலையில் த்ரீ-பாயின்டர் (தொலைவிலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்) எடுக்க ஒருவன் தனியாக நிற்பான். ஒருவன் பிசகினால் ஐந்து பேரும் குலைகிற முறை இது. அதனால்தான் பென்னட் பலரை முதல் வருஷம் ஆட்டத்திலேயே இறக்காமல் 'ரெட்ஷர்ட்' ஆக்கி வைத்தார். 2019 பட்டத்தின் நாயகர்களில் ஒருவரான டீஆண்ட்ரே ஹன்டர் அப்படி ஒரு வருஷம் உட்கார்ந்தவர்தான்.

முறை நன்றாக ஓடும் சீசனில் ஏன் தோற்கிறது? 2018 மார்ச் 16 அதற்குப் பதில். 31 வெற்றி, 2 தோல்வியோடு தேசியப் பட்டத்துக்கான மார்ச் போட்டிக்கு முதல் தரவரிசையில் வந்த வர்ஜீனியா, பதினாறாம் தரவரிசையிலிருந்த யு.எம்.பி.சி. என்ற சிறிய பல்கலைக்கழகத்திடம் 74-54 என்று தோற்றது. ஆண்கள் போட்டியில் அதற்குமுன் அப்படி நடந்ததே இல்லை. பாதி நேரத்தில் 21-21. இரண்டாம் பாதியில் மட்டும் 53 புள்ளிகள் விட்டுக்கொடுத்தார்கள். யு.எம்.பி.சி. 24 த்ரீ-பாயின்டர் முயற்சிகளில் 12ஐப் போட்டது. வர்ஜீனியா 22இல் 4. இதில் அதிர்ஷ்டமும் உண்டு, ஹன்டர் மணிக்கட்டுக் காயத்தால் ஆடவில்லை என்பதும் உண்டு. ஆனால் அடிப்படைக் கோளாறு வேறு. ஆட்டத்தை மெதுவாக்கும் அணிக்கு ஓர் ஆட்டத்தில் பந்து கையில் வருவது ஏறக்குறைய 60 முறைதான். வாய்ப்பு குறையக் குறையச் சிறிய அணிக்கு அது சாதகம். பத்துப் புள்ளி பின்தங்கிவிட்டால் துரத்திப் பிடிக்க நேரமும் இருக்காது. தனியாகப் புள்ளி எடுத்துத் தரக்கூடிய ஒருவன் அந்த நேரத்தில் இருந்தே ஆக வேண்டும்.

அடுத்த வருஷம் அப்படிப்பட்டவர்கள் மூவர் இருந்தார்கள்: கைல் கை, டை ஜெரோம், காயம் குணமாகித் திரும்பிய ஹன்டர். பென்னட் தடுப்பை மாற்றவில்லை. தாக்குதலில் பால்-ஸ்கிரீன் ஆட்டத்தை, அதாவது பந்து வைத்திருப்பவனைத் துரத்துபவனின் வழியைச் சக வீரன் நின்று மறைப்பதை, கூட்டினார். டெக்சஸ் டெக்கை இறுதியாட்டத்தில் கூடுதல் நேரத்தில் 85-77 என்று வென்றபோது ஹன்டர் மட்டும் 27 புள்ளிகள். தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் அந்த வருஷ டிராஃப்டில் மூவருமே தேர்வானார்கள். 'ஆட்டமுறை வென்றது' என்று சொல்பவர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை.

இப்போது கென்டக்கி. லீக்கும் வீரர் சங்கமும் செய்த 2005 ஒப்பந்தத்தின்படி பத்தொன்பது வயதுக்கு முன் என்.பி.ஏ.வுக்குள் நுழைய முடியாது என்ற விதி 2006 டிராஃப்டிலிருந்து வந்ததும், மிகச் சிறந்த பையன்கள் கல்லூரியில் ஒரே ஒரு வருஷம் தங்கத் தொடங்கினார்கள். அதை முழுதாகப் பயன்படுத்தியவர் கலிபாரி. ஒரு வருஷப் பையனுக்கு ஏற்ற ஆட்டமும் அவரிடம் இருந்தது. 'டிரிபிள்-டிரைவ்' முறையில் நால்வர் த்ரீ-பாயின்ட் கோட்டுக்கு வெளியே அகலமாக நிற்பார்கள், ஒரு உயரமான ஆள் மட்டும் பந்துக்கு எதிர்ப்பக்கம் கூடையோரம். பந்தை நடத்தும் கார்டு இடைவெளியில் புகுந்தால் வளையம் வரை போவான். யாராவது மறிக்க வந்தால் வெளியே தள்ளுவான். மனப்பாடம் செய்ய வேண்டியது குறைவு, வேகமும் துணிச்சலும்தான் மூலதனம்.

இந்த முறையின் பலவீனம் 2010இலேயே வெளிப்பட்டது. ஜான் வால், டிமார்கஸ் கசின்ஸ் உட்பட ஐந்து பேர் அந்த வருஷ டிராஃப்டின் முதல் சுற்றில் போனார்கள். அப்படிப்பட்ட அணியை வெஸ்ட் வர்ஜீனியா 1-3-1 மண்டலத் தடுப்பால் (ஆளை அல்ல, இடத்தைக் காக்கும் முறை) 73-66 என்று வீட்டுக்கு அனுப்பியது. உள்ளே புகும் வழியை அடைத்து, 'வெளியிலிருந்து போட்டுக் காட்டு' என்று விட்டார்கள். கென்டக்கி 32 த்ரீ-பாயின்டர்களில் 4 மட்டுமே போட்டது. மண்டலத் தடுப்பை உடைக்கப் பொறுமையாகப் பந்தை மாற்றி மாற்றி, நடுவில் ஃப்ரீ-த்ரோ கோட்டருகே ஒருவனுக்குக் கொடுத்து விளையாட வேண்டும். அந்தப் பழக்கம் ஒரு சீசனில் வராது.

2012இல் பட்டம் வென்ற அணியைப் பாருங்கள். அந்தோணி டேவிஸும் மைக்கேல் கிட்-கில்கிறிஸ்டும் முதலாண்டு வீரர்கள், டிராஃப்டின் முதல் இரண்டு இடங்கள். ஆனால் டெரன்ஸ் ஜோன்ஸும் டோரன் லாம்பும் இரண்டாம் ஆண்டு. டேரியஸ் மில்லர் நான்காம் ஆண்டு. இறுதியாட்டத்தில் கேன்சஸுக்கு எதிராக டேவிஸ் எடுத்தது 6 புள்ளிகளே. 16 ரீபவுண்ட், 6 பிளாக் என்று தடுப்பால் வென்றார். டியூக்கின் 2015 பட்டமும் இதே கதை: ஜலில் ஒகாஃபர், ஜஸ்டிஸ் வின்ஸ்லோ, டையஸ் ஜோன்ஸ் என்ற புதியவர்களோடு குவின் குக் என்ற சீனியர். அப்படி ஒரு மூத்த கை இல்லாமல் முழுக்கப் புதியவர்களை நம்புவது என் கணிப்பில் வீண் சூதாட்டம்.

காயமும் இரு பாதைகளை வேறு வேறு விதமாகத் தாக்குகிறது. 2013இல் நெர்லன்ஸ் நோயலின் முழங்கால் தசைநார் அறுந்ததும் கென்டக்கி மார்ச் போட்டிக்கே போகவில்லை, அதற்கு அடுத்த நிலைப் போட்டியான என்.ஐ.டி.யில் ராபர்ட் மோரிஸிடம் முதல் ஆட்டத்திலேயே தோற்றது. ஒரு ஆளைச் சுற்றிக் கட்டிய தடுப்பு அவனோடு போய்விடும். ஆட்டமுறை அணியில் அடுத்தவன் அதே இடத்தில் நிற்பான், தரம் கொஞ்சம் குறையும்.

2021க்குப் பிறகு கணக்கே மாறியது. வேறு கல்லூரிக்கு டிரான்ஸ்ஃபர் ஆகும் வீரன் ஒரு வருஷம் உட்கார வேண்டிய கட்டாயம் போனது. பெயரையும் முகத்தையும் விற்றுச் சம்பாதிக்க அனுமதி வந்தது. மூன்று வருஷம் பொறுமையாக வளர்த்த பையனை அடுத்த வசந்தத்தில் இன்னொரு கல்லூரி கூட்டிப்போகலாம். இதில் அதிகம் அடிபட்டது பென்னட்டின் வழி. 2024 அக்டோபரில், சீசன் தொடங்கச் சில வாரமே இருக்கும்போது, இன்றைய சூழலுக்குத் தான் ஏற்றவரல்ல என்று சொல்லி ஓய்வு பெற்றார். பள்ளி வீரர்களை அள்ளிப் பழகிய கலிபாரியும் தப்பவில்லை. 2022இல் செயின்ட் பீட்டர்ஸிடமும் 2024இல் ஓக்லாண்டிடமும் முதல் ஆட்டத்திலேயே கென்டக்கி வெளியேறியது. ஓக்லாண்டின் ஜாக் கோல்கி பத்து த்ரீ-பாயின்டர் போட்டார். அவர் ஐந்து வருஷம் கல்லூரிப் பந்து ஆடி, ஒரு படி கீழான டிவிஷன் 2இலிருந்து மேலே வந்தவர்.

இன்று வெல்பவர்கள் வயதை வாங்குகிறார்கள். 2024இல் கனெக்டிகட்டின் தாக்குதலை ஓட்டிய டிரிஸ்டன் நியூட்டன், கேம் ஸ்பென்சர் இருவரும் வேறு கல்லூரிகளிலிருந்து வந்த மூத்தவர்கள். அவர்கள் பக்கத்தில் ஸ்டெஃபன் காசில் என்ற முதலாண்டு வீரர். பயிற்சியாளர் டான் ஹர்லியின் பந்தில்லா ஸ்கிரீன்கள் (பந்து கையில் இல்லாதவனுக்காக வைக்கும் மறைப்புகள்) சிக்கலானவை. ஆனாலும் ஏற்கெனவே மூன்று நான்கு சீசன் ஆடியவனுக்கு ஒரு கோடையில் புரிந்துவிடும். பர்டியூவுக்கு எதிரான இறுதியாட்டத்தில் ஜாக் ஈடியை 37 புள்ளிகள் எடுக்க விட்டுவிட்டு, வெளியே நின்றவர்களை ஒட்டியே மறித்தார்கள். பர்டியூ த்ரீ-பாயின்டர் முயன்றதே ஏழு முறை, விழுந்தது ஒன்று. 75-60.

2025 அரையிறுதியில் இரண்டு பாதைகளும் நேருக்கு நேர் மோதின. டியூக்கில் கூப்பர் ஃபிளாக். அந்த வருஷ டிராஃப்டின் முதல் தேர்வு. எதிரே கெல்வின் சாம்ப்சனின் ஹூஸ்டன், அங்கேயே ஆறாவது வருஷம் இருந்த ஜே'வான் ராபர்ட்ஸுடன். இரண்டாம் பாதியில் 14 புள்ளி பின்தங்கியும் ஹூஸ்டன் 70-67 என்று வென்றது. கடைசி நொடிகளில் ஃபிளாக் எடுத்த ஷாட்டின் முன்னால் கையை உயர்த்தி நின்றது ராபர்ட்ஸ்தான். ஆனால் அதே ஹூஸ்டன் இறுதியாட்டத்தில் புளோரிடாவிடம் 65-63 என்று தோற்றது. புளோரிடாவின் மூன்று முக்கிய கார்டுகளும் அயோனா, பெல்மாண்ட், புளோரிடா அட்லாண்டிக் ஆகிய கல்லூரிகளிலிருந்து வந்த மூத்தவர்கள்.

பணம் குறைந்த நடுத்தரக் கல்லூரிக்கு இதில் தெரிவு அதிகமில்லை: ஆட்டமுறைதான், ஆனால் முப்பது பயிற்சிக்குள் கற்றுத்தரக்கூடியதாக இருக்க வேண்டும். தடுப்பில் இரண்டு விதி, தாக்குதலில் ஒரே தொடர். மற்றதைச் சீசன் நடுவில் சேர்க்கலாம். அணியில் குறைந்தது மூவர் போன வருஷமும் அங்கே ஆடியவர்களாக இருக்கட்டும். ஐந்து பேரும் இடம் மாறும்போது சத்தம் போட்டு மற்றவர்களை நகர்த்துவது அவர்கள் வேலை. கையில் மிஞ்சுகிற பணத்தை உயரமான ஆளுக்குச் செலவழிக்காமல், ஷாட் எடுக்கக் கெடு வைக்கும் ஷாட் கடிகாரத்தில் ஏழெட்டு நொடி இருக்கும்போது தானே ஒரு ஷாட் உண்டாக்கும் கார்டுக்குக் கொடுக்க வேண்டும்.