காதர்பேட்டை டி-ஷர்ட்: சாயப்பட்டறையில் இருந்தவனின் மதிப்பீடு

திருப்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது காதர்பேட்டை. அங்கே ஒரு சிறிய கடையில் வட்டக்கழுத்து டி-ஷர்ட் மூன்று வாங்கினேன்: கறுப்பு, சந்தன நிறம், பாட்டில் பச்சை. வெளியில் தைக்கக் கொடுத்துச் சொந்த லேபிள் போட்டு விற்கிறார் கடைக்காரர். ஒன்று 240 ரூபாய். விடுதியில் சேரப்போகும் பேரனுக்காக வாங்கியவை. அதே தெருவில் தரையில் குவித்துவைத்து 100 ரூபாய்க்கும் விற்கிறார்கள். "நூறு ரூபாய்க்குக் கிடைப்பதை விட்டுவிட்டு இதை ஏன் வாங்கினீர்கள் தாத்தா?" என்று கேட்டான். அவனுக்கு வாயால் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். சாயப்பட்டறை லேபில் கலர் மேட்சிங் பார்த்தே வயதானவன் நான். ஆகவே சாயத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் பேசுவேன்.

துணி நன்றாக இருக்கிறது. காம்டு நூல் (சீவிக் குட்டை இழை நீக்கிய நூல்), சிங்கிள் ஜெர்சி (டி-ஷர்ட்டுக்கான சாதாரணப் பின்னல்), 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) என்று லேபிளில் போட்டிருக்கிறார்கள். கையில் எடுத்தால் அந்த கனம் தெரிகிறது. பயோ வாஷ், அதாவது நொதி போட்டு அலசல், செய்திருப்பதால் மேலே பஞ்சு எழும்பவில்லை. கழுத்து ரிப்பில் லைக்ரா கலந்திருக்கிறது; தலையை நுழைத்து இழுத்தாலும் பழைய வட்டத்துக்குத் திரும்பிவிடுகிறது. துவைத்த பிறகு உயரத்தில் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கியது. பக்கத் தையல் லேசாக முன்பக்கம் திரும்புகிறது. இந்த விலைக்கு அதைக் குறை என்று சொல்லமாட்டேன்.

தையலில் குறை சொல்லலாம். பச்சையில் கை மடிப்புக்கு உள்ளே பிசிறு வெட்டப்படவில்லை. கறுப்பில் ஓரம் மடிக்கும் பேட்லாக் தையல் ஓரிடத்தில் தாண்டியிருக்கிறது. செக்கிங்கில் பிடித்திருக்க வேண்டும். ஏன் பிடிக்கவில்லை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது நிறம். வெள்ளைத் துணியை நனைத்துக் கறுப்பின் மேல் அழுத்தித் தேய்த்தேன். லேசான சாம்பல் படிந்தது. கறுப்புக்கு அவ்வளவு அனுமதிக்கலாம். குவியலில் கிடந்த 100 ரூபாய்க் கறுப்பை விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்தபோது விரலே கறுத்துவிட்டது. சாயம் போட்டபிறகு சோப்பிங் (சோப்புப் போட்டு அலசுவது) சரியாகச் செய்யாமல், ஒட்டாத சாயத்தைத் துணியிலேயே விட்டு அனுப்பினால் இப்படித்தான் ஆகும். அலசும் தண்ணீரை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். ஏன் மிச்சம் பிடிக்கிறார்கள் என்றால், திருப்பூரில் இன்றைக்குத் தண்ணீரை வாங்குவதைவிடக் கழிவுநீரைச் சுத்திகரிப்பதற்குத்தான் செலவு.

பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் (இழையோடு வேதிமுறையில் பிணையும் சாயம்) ஏற உப்பு வேண்டும். வெளிர் நிறத்துக்கு லிட்டருக்கு 20, 30 கிராம் போதும். கறுப்புக்கு 80 கிராமாவது போடவேண்டும். இப்போதைய சாஃப்ட் புளோ இயந்திரத்தில் ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் சாயத் தண்ணீர் என்று வைத்தால், கறுப்புக்கு 640 கிராம் உப்பு. ஒரு கிலோ துணியில் ஐந்து டி-ஷர்ட் வரும். அப்படியென்றால் என் பேரனின் கறுப்பு டி-ஷர்ட் ஒன்றுக்கு ஏறத்தாழ 130 கிராம் உப்பு. பழைய வின்ச் தொட்டிகளில் தண்ணீர் இதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், உப்பும் அப்படியே. இதில் முக்கியமான விஷயம், அந்த உப்பில் ஒரு சிட்டிகைகூடத் துணியில் தங்காது. சாயத்தை உள்ளே தள்ளிவிட்டு, போட்ட அளவு அப்படியே தண்ணீரோடு வெளியே வந்துவிடும். சாயத்தின் நிறத்தை எடுக்கலாம், நாற்றத்தை எடுக்கலாம். கரைந்த உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பால் எடுக்க முடியாது.

அந்த உப்பு முழுவதும் பல ஆண்டுகள் நொய்யலில்தான் போனது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாகக் காவிரிக்குப் போகும் ஆறு. திருப்பூருக்குக் கீழே, சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் 1990களின் தொடக்கத்தில் பாசனத்துக்கென்று அணை கட்டினார்கள். அது சாயக்கழிவுத் தொட்டியாகிவிட்டது. அணையைத் திறக்காதீர்கள் என்று பாசன விவசாயிகளே போராடிய ஊர் அது. என் சம்பந்தி வீட்டுத் தோப்பு அந்தப் பக்கம்தான். கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது; தென்னை குரும்பையிலேயே உதிரும்.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள், அதாவது அந்த ஆற்றுப் பாசன விவசாயிகள், வழக்குப் போட்டார்கள். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்று 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2009இல் உச்ச நீதிமன்றம் வரை போயும் அது மாறவில்லை. 2011 ஜனவரி 28ஆம் தேதி, உத்தரவை நிறைவேற்றாத சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் உயர் நீதிமன்றம் மூடச் சொல்லிவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். எங்களுடையதும் அதில் ஒன்று. எங்கள் வீட்டில் சம்பளம் நின்ற மாதம், சம்பந்தி வீட்டில் இன்னொரு பொங்கல் வைக்காத குறைதான். என் மகளுக்கு அது புகுந்த வீடு, இது பிறந்த வீடு, யாருக்காக வருத்தப்படுவாள்? சாயம் நின்றால் நிட்டிங், கட்டிங், தையல் எல்லாம் நிற்கும். வடமாநிலத் தொழிலாளர்கள் மூட்டை கட்டி ரயில் ஏறினார்கள். சாய வேலையில் ஒரு பங்கு வேறு மாவட்டங்களுக்கும் வேறு மாநிலங்களுக்கும் போனது. அங்கே எந்த ஆற்றின் தலையில் விழுந்ததோ. மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்து, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஆர்.ஓ.வும் (உப்பைப் பிரிக்கும் சவ்வு வடிகட்டி) எவாப்பரேட்டரும் (தண்ணீரை ஆவியாக்கும் இயந்திரம்) வைத்து, பட்டறைகள் ஒவ்வொன்றாக மறுபடி ஓடின. இன்று தண்ணீரில் பெரும்பகுதி சாயத் தொட்டிக்கே திரும்புகிறது. உப்புக் கரைசலையும் மறுபடி சாயத்துக்கே எடுத்துக்கொள்கிறார்கள். முற்றும் சுத்தமான கதை அல்ல இது. எவாப்பரேட்டருக்கு நீராவி வேண்டும், அதற்கு விறகு எரிகிறது. பிரிக்க முடியாத கலப்பு உப்பு கொட்டகைகளில் மூட்டையாகக் கிடக்கிறது. ஆனால் முன்புபோல ஆற்றில் போகவில்லை.

இதற்கெல்லாம் ஒரு டி-ஷர்ட்டுக்கு என்ன செலவு? சில ரூபாய்தான். 240 ரூபாயில் அது எங்கே தெரியும்? தெரிவது நூறு ரூபாய்ச் சரக்கில். அங்கே அந்தச் சில ரூபாய்தான் லாபமே.

கடைக்காரரிடம், "இந்தக் கறுப்பு எங்கே சாயம் போட்டது?" என்று கேட்டேன். "அதையெல்லாம் யாருங்கண்ணா கேட்கிறார்கள்?" என்று சிரித்துவிட்டு, கல்லாவிலிருந்து சாயக்கூலி பில்லை எடுத்துக் காட்டினார். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினராக உள்ள பட்டறையின் பில். இந்தக் கடைக்கு நான் மதிப்பெண் கொடுப்பது அதற்காகத்தான். கழுத்தில் தொங்கும் பச்சை இலைப் படம் போட்ட அட்டைக்காக அல்ல. அந்த அட்டை எந்த அச்சகத்திலும் கிடைக்கும்.

அந்தப் பில்லைப் பார்த்ததும் ஒன்று உறுத்தியது. சாயக்கூலி நிறத்துக்கு நிறம் மாறும்: சந்தன நிறத்துக்குக் குறைவு, கறுப்புக்கு அதிகம். கடையில் எல்லா நிறமும் ஒரே 240. அதாவது சந்தன நிறம் வாங்குகிறவர் கறுப்பு வாங்குகிறவருடைய உப்புக்கும் சேர்த்துக் கொடுக்கிறார். கறுப்புக்குப் பத்து ரூபாய் கூட்டி, வெளிர் நிறத்துக்குப் பத்து ரூபாய் குறைக்கலாமே என்றேன். "கறுப்புதானுங்கண்ணா ஓடுகிறது" என்றார். வியாபாரியின் கணக்கு வேறு.

வெட்டாத பிசிறுக்கு வருகிறேன். வெளியூர் வியாபாரி விலையைக் குறைக்கச் சொன்னால் எங்கே கைவைப்பார்கள் என்று கடைக்காரரிடமே கேட்டேன். நூல் விலை மில்லின் கையில்; குறைக்க முடியாது. சாயக்கூலியில் சுத்திகரிப்புக் கட்டணம் உட்கார்ந்திருக்கிறது. ஓரளவுக்குக் கீழே இறங்காது. மிச்சம் இருப்பது தையல். பவர்டேபிளுக்கு (கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிட்) கொடுக்கும் பீஸ் ரேட்டில் ஐம்பது காசு குறைப்பார்கள். அங்கே சிங்கர் மெஷினில் தைப்பவர் இன்னும் வேகமாகத் தைப்பார், பிசிறு வெட்டும் பெண் இரண்டு பீஸுக்கு ஒன்றைப் புரட்டிப் பார்ப்பார், ஒன்றரை ஷிப்ட் போட்டுத்தான் வாரச் சம்பளம் தேறும். கூலி ஒப்பந்தங்கள் போடுகிறார்கள். சந்துக்குள் பத்து மெஷின் போட்டிருக்கும் யூனிட்டுக்கு அது போய்ச் சேருகிறதா என்பது வேறு கதை. நொய்யலுக்காக ஒரு செலவை விலையில் ஏற்றியே ஆகவேண்டும் என்று நீதிமன்றம் கட்டாயப்படுத்தியது. ஏற்றினார்கள், தொழிலும் சாகவில்லை. தையல்காரருடைய கூலிக்கு அப்படி ஒரு கட்டாயம் வரவில்லை. வந்தால் தொழில் அழிந்துவிடும் என்று 2011இல் கேட்ட அதே குரலில்தான் சொல்வார்கள். எங்கள் முதலாளியும் அன்று அப்படித்தான் சொன்னார். பட்டறை இன்னும் ஓடுகிறது.

அதனால் என் மதிப்பீடு: துணிக்கும் சாயத்துக்கும் 240 தாராளமாகக் கொடுக்கலாம். தையலுக்கு முழு மதிப்பெண் கொடுக்கமாட்டேன், ஆனால் தைத்தவர்மேல் பழி இல்லை. இன்னும் பதினைந்து ரூபாய் ஏற்றி அதைத் தையல் ரேட்டில் சேர்த்தால் அடுத்த முறையும் வாங்குவேன் என்று கடைக்காரரிடம் சொன்னேன். பதில் சொல்லாமல் கவரில் போட்டுக் கொடுத்தார்.

வாங்குகிறவர்களுக்கு: சந்தன நிறமே எடுங்கள், சாயம் போகும் தொல்லை இல்லை. கறுப்புதான் வேண்டுமென்றால் முதல் துவையலைத் தனியாகப் போடுங்கள். ஒரு சைஸ் பெரிதாக எடுக்கத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், வெளியூர் வியாபாரிகள் கூட்டத்தில் கடைக்காரருக்குப் பில் எடுத்துக் காட்ட நேரம் இருக்காது.