மதுரைக்குப் போனால் எங்கே படுப்பது: அண்ணன் வீடா, லாட்ஜா, ரிட்டயரிங் ரூமா?

அம்மா அண்ணனோடு செல்லூரில் இருக்கிறார். நாங்கள் சென்னையில். வருஷத்துக்கு நாலைந்து முறை போய்ப் பார்த்துவிட்டு வருவோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். அண்ணன் வீட்டில் ஒரு ஹால், ஒரு ரூம், அடுப்படி, பின்பக்கம் ஒரே பாத்ரூம். அவர்கள் ஐந்து பேர், நாங்கள் நாலு பேர். பல வருஷம் அங்கேயேதான் தங்கினோம். ஹாலில் பாய் விரித்து வரிசையாகப் படுப்போம். பெரியப்பா பிள்ளைகளோடு பேசிக்கொண்டே தூங்குவதில் என் பிள்ளைகளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள் விடியற்காலை நாலு மணிக்கு முழிப்பு வந்தது. அம்மா கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு, முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஏம்மா தூங்கல?" என்றேன். "பாத்ரூம் போகணும்டா. பிள்ளைக வழியில படுத்திருக்குக. இருட்டுல மிதிச்சிருவேனோன்னு பயமா இருக்கு. விடியட்டும்னு உக்காந்திருக்கேன்." கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். வழியில் அடுப்படியில் மதினி, கேஸ் சிலிண்டருக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்துப் படுத்திருந்தார். எங்களுக்கு இடம் விட்டுத்தான் அங்கே போயிருக்கிறார். அதற்குப் பிறகு ராத்திரி அங்கே தங்க எனக்கு மனசு வரவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடமாகத் தங்கிப் பார்த்திருக்கிறோம்.

முதலில் ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜுகள். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து மேலவெளி வீதியைத் தாண்டினால் டவுன்ஹால் ரோடு, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி என்று லாட்ஜாகவே இருக்கும். இவற்றின் பெரிய பலம் 24 மணி நேர செக் அவுட். பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்தால் விடியற்காலையில் இறக்கிவிட்டுவிடுகிறான். ஆறு மணிக்கு ரூம் எடுத்தால் மறுநாள் ஆறு மணி வரை நம்முடையது. குளித்துவிட்டு, பெட்டியை வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்விடலாம். வைகை எக்ஸ்பிரஸில் வந்தால் இன்னும் லாபம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் எடுக்கும் ரூமை மறுநாள் ராத்திரி அதே நேரம் வரை வைத்துக்கொள்ளலாம். ஊர் திரும்பும் ரயிலுக்கு அங்கிருந்தே கிளம்பிவிடலாம்.

ஆப்பில் புக் செய்யும் சங்கிலி ஹோட்டல்களில் இந்தக் கணக்கு வேறு. பகல் 12 மணிக்கு செக் இன், மறுநாள் 11 அல்லது 12-க்கு செக் அவுட் என்பதுதான் பெரும்பாலும் வழக்கம். விடியற்காலையில் போய் நின்றால் ரூம் காலியாக இல்லை என்பார்கள், இல்லாவிட்டால் தனியாகப் பணம் கேட்பார்கள். ராத்திரி ஒன்பதரைக்குப் போனால் முழுநாள் வாடகைக்குப் பதினாலு மணி நேரம்தான் கிடைக்கும். மொபைலில் வாடகை இருநூறு ரூபாய் குறைவாகத் தெரிந்தாலும் மணிக்கணக்கில் பார்த்தால் லாட்ஜ்தான் மலிவு. ஒருமுறை ஆப்பில் காசு கட்டிவிட்டுப் போய், "அப்படி புக்கிங் எதுவும் வரலையே சார்" என்று ரிசப்ஷனில் சொல்லிவிட்டார்கள். தூங்கி வழியும் பிள்ளைகளோடு அரை மணி நேரம் நின்றோம். அதிலிருந்து எங்கே புக் செய்தாலும் முதல் நாள் சாயங்காலம் ஹோட்டலுக்கே போன் போட்டு உறுதி செய்துகொள்கிறேன்.

லாட்ஜிலும் குறைகள் உண்டு. வெந்நீர் காலையில் சில மணி நேரம்தான் வரும். ரோட்டைப் பார்த்த ரூமில் ஹாரன் சத்தம் ராத்திரி பதினொன்றுக்கும் ஓயாது; பின்பக்க ரூம் கேட்டு வாங்க வேண்டும். டபுள் ரூமில் நாலு பேர் என்றால் எக்ஸ்ட்ரா பெட்டுக்குக் காசு. வரி சேர்த்த வாடகையா என்றும் கேட்டுவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான்; அதற்கு முன்பு 12. பழைய கணக்கில் பில் போட்டால் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறவர்கள் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு: ரூமுக்கு ஆட்கள் வரலாமா? ஒரு லாட்ஜில் அண்ணன் காலை ஏழு மணிக்கு டிபன் கேரியரில் இட்லியும் குடல் குழம்பும் எடுத்து வந்தார். மேலே விடவில்லை. நான் இறங்கி வரும்வரை, தூக்கிய கேரியரைக் கீழே வைக்காமல் கவுண்டர் பக்கத்தில் நின்றிருந்தார். சொந்த ஊரில் சொந்தத் தம்பியைப் பார்க்க அனுமதி கேட்டு நின்ற அந்த முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. கூடப் பிறந்தவர்கள் வருவார்கள் என்று ரூம் எடுக்கும்போதே சொல்லிவிட்டால் பல இடங்களில் ஒத்துக்கொள்கிறார்கள்.

ரயில்வே ரிட்டயரிங் ரூம், அதாவது ஸ்டேஷனிலேயே ரயில் பயணிகள் தங்கும் அறை, வாடகையில் எல்லாவற்றையும் விடக் குறைவு. ஐஆர்சிடிசி தளத்தில் பிஎன்ஆர் போட்டு எடுக்க வேண்டும். டிக்கெட் கன்ஃபார்ம் ஆகியிருக்க வேண்டும், ஆர்ஏசி என்றாலும் சரி. பஸ்ஸில் வருகிறவர்களுக்குக் கிடையாது. அதிகபட்சம் 48 மணி நேரம். தனி ஆளாக ஒரு கல்யாணத்துக்கு வந்து முகம் கழுவி உடை மாற்றிப் போக இதைவிட நல்ல இடம் இல்லை. குடும்பத்தோடு என்றால் நான் எடுக்க மாட்டேன்; அறிவிப்புச் சத்தத்தில் என் சின்னவள் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

அழகர்கோவில் ரோட்டில் இருக்கும் ஹோட்டல் தமிழ்நாடு எங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் செலவு. ஆனால் வைகை ஆற்றுக்கு வடகரையில் இருக்கிறது; செல்லூர், தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் சொந்தம் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். சித்திரைத் திருவிழா நேரத்தில் அனுபவித்துச் சொல்கிறேன். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் ஏ.வி. பாலத்துப் பக்கமெல்லாம் ஜனக்கடல். ஸ்டேஷன் பக்கம் ரூம் எடுத்துவிட்டு அக்கரையில் இருக்கும் வீட்டுக்குப் போக ஆட்டோ கிடைக்காமல், பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தோம். திருவிழாவுக்குப் போகிறவர்கள் வீடு இருக்கும் கரையிலேயே ரூம் தேடுங்கள்; அதுவும் முன்கூட்டியே. முகூர்த்த நாளுக்கும் இதே பாடுதான்.

கடைசியில் வீட்டில் சொல்வதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டம். "நான் உசுரோட இருக்கையில லாட்ஜுல போயிப் படுப்பியாடா?" என்று அம்மா அழுதார். அண்ணன் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. கேஸ் சிலிண்டர் பக்கத்தில் படுத்ததை நான் பார்த்தேன் என்று மதினியிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் காபி போடப் போனார். பிறகு அவர்தான் அம்மாவிடம் பேசிச் சம்மதிக்க வைத்தார். ஒரு நிபந்தனை போட்டார்: மூன்று வேளைச் சாப்பாடும் வீட்டில்தான், ராத்திரி பத்து மணிக்கு முன்னால் யாரும் கிளம்பக் கூடாது.

அதைத்தான் இன்றுவரை கடைப்பிடிக்கிறோம். பிள்ளைகள் இருவரில் ஒருவர் முறைவைத்துப் பாட்டியோடு படுக்கிறார்கள்; வழியில் பாய் இல்லை. வரும் தை மாதத்துக்கு டவுன்ஹால் ரோட்டில் பின்பக்க ரூம் சொல்லியாச்சு. வைகையில் வருகிறோம் என்றதும் மதினி கேட்டது ஒன்றுதான்: "பெட்டிய ரூமுல போட்டுட்டு நேரா இங்க வந்துருங்க. அயிரை மீன் கிடைச்சா கொழம்பு வச்சு வைக்கிறேன்."